அனுமதி வேறு, உரிமை வேறு

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலையிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்றதோ 1948இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, 1947இல் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின் பேரில், அந்நியக் கப்பற்படை இத்துறையிலே நிலைகொண்டிருந்தது. கடல் நமது, கரை நமது, வலை வீசிய கைகளும் நமது. ஆயினும் துறையின் சாவி நம்மிடம் இல்லை.

இந்தக் கரையில் வாழ்பவர்களுக்குச் சரித்திரம் கற்பித்த பாடம் எளிமையானது. ஒன்றைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுவது வேறு. அதன்மீது உரிமை உடையவராக இருப்பது வேறு. அனுமதியைக் கொடுத்தவன் விரும்பியபோது அதனை மீட்டுக்கொள்ளலாம். உரிமையை அவ்வாறு மீட்க இயலாது. இந்த வேறுபாடு துறைமுகங்களுக்கும் நிலங்களுக்கும் மட்டும் உரியதன்று. நாம் நாள்தோறும் எழுதும் எழுத்துக்கும் உரியது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத்துத் தோன்றுவதற்குப் பின்னால் உள்ள உரிமைப் போராட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் பழைய தமிழ் வினாத்தாள் ஒன்றைப் புதிய கணினியில் திறந்தோம். திரையில் தமிழ் இல்லை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. வினாத்தாளைத் தயாரித்த ஆசிரியர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். அவர் பயன்படுத்திய எழுத்துரு புதிய கணினியில் இல்லை. மாணவன் ஒருவன், "சேர், இது தமிழா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையில் அது தமிழன்று. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் கணினியின் நினைவில் பதிவானவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவங்கள் முகமூடியாகப் போர்த்தப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, விசையை அழுத்தினால் காகிதத்தில் எழுத்து விழுந்தது; அத்துடன் காரியம் முடிந்தது. கணினியிலோ எழுத்து ஓர் எண்ணாகச் சேமிக்கப்படுகின்றது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தமையால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசிக்க அவரிடமிருந்த அதே எழுத்துரு தேவையாயிற்று. மொழி பொதுவானது, குறியீடு தனியாருடையது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் பலர் முயன்றனர். மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்த ஆர்வலர்கள் 1990களின் பிற்பகுதியில் 'தகுதரம்' என்னும் டிஸ்கி குறியீட்டை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. 1991இல் வெளிவந்த யுனிகோட் என்னும் ஒருங்குறி, உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை ஒதுக்கியது. அதில் தமிழும் இடம்பெற்றது. இலங்கையிலும் எஸ்எல்எஸ் 1326 என்னும் தமிழ்த் தரநிர்ணயம் 2008இல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்தது. எண் பொதுவாயிற்று. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, பாதி தீர்ந்தது.

2

'கொ' என்று எழுதுவதை எண்ணிப் பார்ப்போம். ஒருங்குறி முறையில் ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னும் நினைவில் பதிகின்றன. திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னே வரவேண்டும். ககரம் நடுவிலும் கால் கடைசியிலும் நிற்கவேண்டும். 'கு', 'கூ' முதலியவற்றில் மெய்யும் உயிரும் ஒன்றிப் புதிய உருவமே பிறக்கின்றது. எனவே எழுத்துக்கு எண் கொடுத்தால் மட்டும் போதாது. அதனை வரைவதற்கான விதிகளும் வேண்டும். இவ்விதிகளை எழுத்துருக் கோப்பினுள் எங்கே, எவ்வாறு பொதிய வேண்டும், கணினி அவற்றை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்று கூறும் நூலையே விவரக்குறிப்பு என்கிறோம்.

அந்த விவரக்குறிப்புகளை ஆக்கியவர்கள் யார்? 1980களில் அச்சுத்துறையை ஆண்ட அடோபி நிறுவனம் தனது 'டைப் 1' எழுத்துருக்களின் நுட்பத்தை இரகசியமாகவே வைத்திருந்தது. அப்பிள் நிறுவனம் 'ட்ரூடைப்' என்னும் போட்டி முறையை ஆக்கி மைக்ரோசொப்டுடன் கைகோத்தது. அதன் பின்னரே, 1990இல், அடோபி தன் இரகசியத்தை நூலாக வெளியிட்டது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: பூட்டைத் திறந்தது தாராள மனமன்று, போட்டியாளனைப் பற்றிய அச்சமே. பின்னர் 1996இல் மைக்ரோசொப்டும் அடோபியும் இணைந்து 'ஓபன்டைப்' முறையை அறிவித்தன. தமிழின் கொம்பையும் காலையும் ஒழுங்குபடுத்தும் விதிகளைப் பொதிவதற்கு அம்முறையில் இடமுண்டு. விண்டோஸ் 2000 'லதா' என்னும் எழுத்துருவோடு தமிழுக்கு அவ்வசதியை அளித்தது.

'ஓபன்' என்பது அதன் பெயர். விவரக்குறிப்பை எவரும் எடுத்து வாசிக்கலாம். ஆனால் அது இரு நிறுவனங்களின் உடைமையாக இருந்தது. நூலை வாசிக்கலாம் என்பதனால், நூலில் உள்ளபடி செய்யலாம் என்று ஆகிவிடுமா? திறந்த மூல மென்பொருளாளர் எதிர்நோக்கிய கேள்வி இதுவே.

3

திறந்த மூல மென்பொருள், அதாவது சுதந்திர மென்பொருள் என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. எவரும் பயன்படுத்தவும், மூலநிரலை ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கும் மென்பொருளே அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த ஜீஎன்யூ திட்டமும், 1989இல் எழுதிய பொது உரிமமும் இவ்வியக்கத்தின் அடித்தளங்களுள் முக்கியமானவை.

இத்தகைய மென்பொருளைத் தனியுடைமை விவரக்குறிப்பு ஒன்றின்மீது கட்டும்போது இரண்டு பூட்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலாவது பதிப்புரிமை. விவரக்குறிப்பு நூலின் வாசகங்கள் அதை எழுதியவருக்கே சொந்தம். அவற்றை அப்படியே பிரதிசெய்து வெளியிட முடியாது. ஆனால் அந்நூலில் உள்ள முறையைப் பதிப்புரிமை பூட்டி வைப்பதில்லை. சமையல் நூலைப் பிரதி எடுத்து விற்றால் குற்றம். அதை வாசித்துக் குழம்பு வைத்தால் குற்றமில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பை வழங்குகின்றது. ஆனால் கருத்துக்கும் செயன்முறைக்கும் அப்பாதுகாப்பு இல்லை. 2012 மே 2ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், 'சாஸ்' நிறுவனம் தொடர்பான வழக்கில், நிரலின் செயற்பாட்டுக்கோ நிரல்மொழிக்கோ கோப்பு வடிவத்துக்கோ பதிப்புரிமை கிடையாதென்று தீர்த்தது. அமெரிக்காவில் ஒரகிள் நிறுவனம் 2010இல் கூகுளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2021 ஏப்ரலில்தான் முடிந்தது. அதிலும் உயர் நீதிமன்றம், இடைமுக அறிவிப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்விக்கு விடை கூறவில்லை. கூகுள் அவற்றைப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே என்று மட்டும் தீர்த்தது. பத்தாண்டுக்கு மேல் வழக்காட கூகுளிடம் பணம் இருந்தது. மாலையில் வீடு திரும்பி நிரல் எழுதும் தொண்டனிடம் அது ஏது?

இரண்டாவது பூட்டு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட். இது மிகக் கடுமையானது. இங்கே பூட்டப்படுவது வாசகமன்று, முறையே. நூலைப் பார்க்காமல், சொந்த அறிவினால் அதே முறையைக் கண்டுபிடித்தவனும் அனுமதி பெறவேண்டும். சமையல் நூல் கடையிலே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அடுப்பை மூட்டினால் வழக்கு வரும்.

4

இது கற்பனை அச்சமன்று. 1996இல் டேவிட் டேர்ணர் என்பவர் 'ஃப்ரீடைப்' என்னும் சுதந்திர நிரலைத் தொடங்கினார். எழுத்துருக் கோப்பை வாசித்துத் திரையில் எழுத்தை வரைவது அதன் வேலை. ட்ரூடைப் எழுத்துருக்களில், எழுத்தின் வளைவுகளைத் திரையின் சிறு சதுரங்களோடு பொருத்திக் கூர்மையாகக் காட்டுவதற்குச் சிறு கட்டளைகள் பொதியப்பட்டிருக்கும். எழுத்துரு வடிவத்தின் விவரம் பகிரங்கமாகவே இருந்தது. ஆனால் அக்கட்டளைகளை இயக்கும் முறையில் அப்பிள் நிறுவனத்துக்கு ஆக்கவுரிமை இருப்பது 1999இல் ஃப்ரீடைப் குழுவினருக்குத் தெரியவந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? எழுதி முடித்திருந்த பகுதியைத் தாமே அணைத்து வைத்தார்கள். அக்கட்டளைகளை இயக்காமலே எழுத்தைச் சீராக்கும் வேறொரு வழியைத் தம் உழைப்பினால் உருவாக்கினார்கள். ஆக்கவுரிமைகள் 2010 மே மாதத்தில் முற்றாகக் காலாவதியாயின. அதே ஆண்டு வெளிவந்த 2.4ஆம் பதிப்பிலேதான் அந்தப் பகுதி மீண்டும் இயல்பாக இயங்கத் தொடங்கியது. பதினோர் ஆண்டுகள்! வேலை தெரியாததால் அல்ல, வேலை செய்ய அனுமதி இல்லாததால் ஒரு விளக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ட்ரூடைப் முறை அரிய உழைப்பின் விளைவு; உழைப்புக்குப் பயன் வேண்டும் என்பதை உழைப்பாளரின் பக்கம் நிற்கும் நாம் மறுக்க முடியாது. ஆனால் ஒரு முறை கோடிக்கணக்கான மக்கள் வாசிக்கவும் எழுதவும் கடந்தே தீரவேண்டிய பாதையாகிவிட்ட பின்னர், அதில் சுங்கச் சாவடி அமைப்பது உழைப்புக்கு ஊதியம் பெறுவதாகாது. வழிமறித்து வரி வாங்குவதாகும்.

தமிழ் உலகத்திலும் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. 2000களில் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கிய பலருக்குத் துணைநின்றது 'தமிழா' குழுவினரின் இ-கலப்பை. அதன் ஆரம்பப் பதிப்புகள் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் 'கீமேன்' என்னும் மூடிய மூலநிரலின் மேல் அமைந்திருந்தன. உழவன் கையில் கலப்பை இருந்தது. அதன் கொழுவோ இன்னொருவருடையது. இங்கே எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. ஆனால் உள்ளியந்திரம் வேறொருவரின் உடைமையாக இருக்கும்வரை, அதைத் திருத்தவும் கைமாற்றவும் தொண்டர்களுக்கு உரிமை இல்லை. எனவே மூன்றாம் பதிப்பு கீமேனை விட்டு நீங்கிச் சுதந்திர உரிமத்தில் வெளிவந்தது. கீமேனும் 2015இல் எஸ்ஐஎல் நிறுவனத்திடம் சேர்ந்து, பின்னர் திறந்த மூலமாயிற்று. இரு திசையிலும் சென்ற பாதை ஒரே இடத்தில் முடிந்ததைக் காண்க.

5

இவ்விடத்தில், "நிறுவனங்கள் நியாயமான நிபந்தனைகளோடு உரிமம் தருகின்றனவே, அது போதாதா?" என்று ஒருவர் கேட்கலாம். சர்வதேசத் தரநிர்ணய நிறுவனங்கள் ஆக்கவுரிமை விஷயத்தில் 'நியாயமானதும் பாகுபாடற்றதுமான நிபந்தனைகள்' என்ற சொற்றொடரையே வழங்குகின்றன.

'நியாயமான' என்ற இச்சொல் இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதியதன்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழுக்கு 'நியாயமான உபயோகம்' வழங்குவதாகக் கூறியது. அச்சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் நிறைவேறியதோ 1966இல். எது நியாயம் என்பதை அளந்து கொடுக்கும் படி யார் கையில் இருந்ததோ, அவரே காலத்தையும் அளந்தார். தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் கூறிய பின்னரே, அனுமதி சட்டத்திலேனும் உரிமையாக மாறியது. நடைமுறை இன்னும் பின்தங்கியே நிற்கின்றது என்பதை எந்த அலுவலகத்துக்குச் சென்றவரும் அறிவர்.

மென்பொருளிலும் 'நியாயமான கட்டணம்' என்பது பிரதிக்கு ஒரு சதமாக இருக்கலாம். ஆனால் சுதந்திர மென்பொருளின் பிரதிகளை எவர் எண்ணுவது? நான் ஒரு மாணவனுக்குக் கொடுக்கிறேன்; அவன் மூதூரில் இருக்கும் தன் மைத்துனனுக்குக் கொடுக்கிறான்; அவன் திருத்திப் பத்துப் பேருக்குக் கொடுக்கிறான். இந்தச் சங்கிலிதான் அம்மென்பொருளின் உயிர். பிரதிக்குக் கட்டணம் என்ற உடனேயே சங்கிலி அறுந்துவிடும். பொது உரிமத்தின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பு இதனைத் தெளிவாகவே கூறுகின்றது: ஆக்கவுரிமை நிபந்தனையால் பிறருக்குச் சுதந்திரமாக வழங்க முடியாதென்றால், அதை வழங்கவே கூடாது. ஆகவே பெரிய நிறுவனங்களுக்குப் பாகுபாடற்றதாகத் தோன்றும் நிபந்தனை, பணமில்லாத தொண்டர்களுக்கு முழுப் பாகுபாடாகவே முடிகின்றது.

கட்டணமே இல்லாத அனுமதியிலும் பொறி உண்டு. 2004இல் மின்னஞ்சல் அனுப்பியவரை அடையாளம் காண்பதற்காக மைக்ரோசொப்ட் முன்வைத்த 'சென்டர் ஐடி' முறைக்குப் பணம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்த உரிமத்தைப் பெற்றவர் பிறருக்குக் கைமாற்ற முடியாது. அப்பாச்சி அறக்கட்டளையும் டெபியன் குழுவினரும் அதனை ஏற்க மறுத்தனர். அந்த மாதமே, 2004 செப்டெம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு அதற்கென நியமித்த குழுவைக் கலைத்தது. மறுப்பு வீண்போகவில்லை. 2006இல் மைக்ரோசொப்ட் 'திறந்த விவரக்குறிப்பு வாக்குறுதி' ஒன்றை வெளியிட்டு, குறித்த விவரக்குறிப்புகளைச் செயற்படுத்துவோர்மீது தனது ஆக்கவுரிமையின் பேரில் வழக்குத் தொடுப்பதில்லை என்று உறுதியளித்தது. சென்டர் ஐடியும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அவ்வாக்குறுதி குறித்த பதிப்புகளுக்கே பொருந்தும். எதிர்காலப் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்பது நிச்சயமில்லை என்று சுதந்திர மென்பொருள் சட்ட மையம் 2008இல் எச்சரித்தது. வாக்குறுதியையும் வரிக்கு வரி வாசிக்க வேண்டும்.

நமது தமிழ் எழுத்தைத் தாங்கும் ஓபன்டைப், 2007இல் 'திறந்த எழுத்துரு வடிவம்' என்ற பெயரில் சர்வதேசத் தரநிர்ணயமாயிற்று. அதன்மீது கட்டப்பட்ட 'ஹார்ஃப்பஸ்' என்னும் சுதந்திர நிரலே இன்று ஆன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியிலும் ஃபயர்ஃபொக்சிலும் குரோமிலும் நமது கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துகின்றது. அதை எழுதியவர்களுள் முக்கியமானோர் ரெட் ஹட், கூகுள், மொசில்லா ஆகிய நிறுவனங்களில் ஊதியம் பெற்றவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூலதனம் அங்கேயும் உண்டு. எனினும் அம்மூலநிரல் மீட்க முடியாதபடி பொதுவில் வைக்கப்பட்டுவிட்டது. நாளை அந்நிறுவனங்கள் தமிழை மறந்தாலும், திருகோணமலையில் இருக்கும் ஒரு மாணவன் அதை எடுத்துத் திருத்தலாம். அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

6

பிறரைக் கேள்வி கேட்பவர் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துருக்களும் சொற்பட்டியல்களும் எத்தனையோ 'இலவசம்' என்று மட்டும் கூறி வெளியிடப்பட்டுள்ளன. யார் திருத்தலாம், யார் மறுபடி வழங்கலாம் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. உரிமம் எழுதாமல் விட்டால் சட்டத்தின்படி எல்லா உரிமையும் ஆக்கியவரிடமே தங்கிவிடுகின்றது. அவர் மறைந்தபின் அனுமதி கேட்க ஆளில்லை. அன்பினால் கொடுத்த பொருளும் பூட்டிய பெட்டியாகிவிடுகின்றது. 'லோகித்' தமிழ் எழுத்துரு முதலில் பொது உரிமத்தில் வந்து, 2011இல் எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாற்றப்பட்டது. இத்தகைய எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை மூன்று. வினாத்தாளையும் சஞ்சிகையையும் ஒருங்குறியிலேயே எழுதுவோம்; பழையவற்றை மாற்றிக்கொள்வோம். நாம் ஆக்கும் எழுத்துரு, அகராதி, பாடக்குறிப்பு எதுவாயினும், அதன் முதற்பக்கத்தில் உரிமத்தை எழுதி வைப்போம். அரசாங்கமும் தரநிர்ணய நிறுவனமும் எந்த விவரக்குறிப்பை ஏற்றாலும், அதைக் கட்டணமின்றியும் மீட்க முடியாதபடியும் எவரும் செயற்படுத்தலாம் என்ற எழுத்துமூல உறுதியை முதலில் பெறவேண்டும் என்று கோருவோம். 'வாசிக்கலாம்' என்பது போதாது. 'செய்யலாம், திருத்தலாம், கொடுக்கலாம்' என்பதும் வேண்டும்.

அன்று அந்த மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடி, வகுப்பு மாணவர்கள் அப்பழைய வினாத்தாளை ஒருங்குறிக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு உதவிய சிறு நிரலின் மூலநிரல் திறந்திருந்தது. அதிலிருந்த ஒரு பிழையை அவர்களே திருத்தினார்கள். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.